சவுக்குத் தோப்பு வழியும் கண்டக்டரின் நாயும்

எங்கள் பஸ்ஸின் பின் கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. கதவு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைப் பின்னுக்குத் தள்ளி, தேங்காய் நார்க் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டி வைத்திருந்தார் கண்டக்டர். என்றைக்குக் கட்டினாரோ, முடிச்சு கம்பியின் துருவோடு ஒட்டிப்போயிருந்தது. ஐப்பசி மழையில் சாரல் நேராக வந்து என் புடவையில் அடிக்கும்.

"அந்தக் கதவத்தான் கொஞ்சம் சாத்தினா இன்னா?" என்று எரிந்து விழுவேன்.

"சாத்திக் கெடந்தா ஓடியார்றவன் பாத்துட்டு நின்னுடுவாம்மா. தொறந்து கெடந்தா இன்னும் நாலு எட்டு ஓடுவான்."

அவ்வளவுதான் பதில். அதற்குமேல் நான் வாயைத் திறப்பதற்குள் விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதிவிடுவார். பஸ்ஸுக்குக் கொடுக்கிற இரட்டை விசில்தான் அவருக்குப் பேச்சை முடிக்கிற வழியும். கடையில், கோயிலில், எங்கள் வீட்டு வாசலில், எங்கேயானாலும் "ரைட்" என்று சொல்லிவிட்டால் ஆள் அடுத்த நிமிஷம் அங்கே இருக்கமாட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மரக்காணத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்கு நான் கல்யாணமாகி வந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. எனக்குத் திண்டிவனத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. ராத்திரி எங்கள் ஊரில் ஹால்ட் ஆகி, விடிந்ததும் மரக்காணம், பிரம்மதேசம் வழியாகத் திண்டிவனம் போகிற ஒரே தனியார் பஸ்ஸில்தான் நான் போய் வர வேண்டும். அந்த பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் தெருவிலேயே ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெண்டாட்டி பிள்ளை உண்டா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்டால் இரட்டை விசில்தான் கிடைக்கும்.

அவருக்கு இரண்டு விஷயம் ஆகாது. தானும் ஒரு இடத்தில் நிற்க முடியாது, வெளியே ஒருத்தர் நிற்பதையும் பார்க்க முடியாது. சோறு தின்பதும் நடந்துகொண்டுதான். தூக்குப்போணியை இடது கையில் ஏந்திக்கொண்டு பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தபடி சாப்பிடுவார். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார வைத்தால் அப்பளம் வருவதற்குள் எழுந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விடுவார். எங்கே நின்றாலும் ஒரு கால் வாசல்படிக்கு வெளியே இருக்கும். படிக்கட்டில் தொங்கிப் பழகிய கால் அது. "இவரு தூங்கறப்பவாவது படுப்பாரா, இல்ல உத்தரத்து கம்பிய புடிச்சிக்கினு தொங்குவாரா?" என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

பஸ் நிறைந்து, மூச்சுவிட இடமில்லாமல், படியில் ஆள் தொங்கிக்கொண்டு போகும்போதும் ரோட்டோரம் ஒரு கை நீண்டால் விசில் அடித்து நிறுத்துவார். "உள்ள எடம் இருக்குது, உள்ள எடம் இருக்குது, நடுவுல போங்க" என்று முழங்கையால் எங்களை நெட்டித் தள்ளிக்கொண்டே ஏற்றுவார். எங்கே இருக்கிறது இடம் என்று நான் பல நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். ஆனால் ஏறினவர்கள் எப்படியோ உள்ளே அடங்கிப்போவார்கள்.

மற்ற பஸ்களில் மீன் கூடையை ஏற்றமாட்டார்கள். இவர் குப்பத்துப் பொம்பளைகளுக்கென்று கடைசி சீட்டுக்கு முன்னால் நனைந்த கோணியை விரித்து வைத்திருப்பார். அவர்களில் பாக்கியம் என்று ஒருத்தி, சங்கரா மீனும் காரப்பொடி மீனுமாகக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் வருவாள். யாராவது மூக்கைப் பொத்தினால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்டக்டர் சொல்லிவிடுவார்.

"நீ எறங்கறதுக்குள்ள மூக்கு பழகிடும்யா. பழகலன்னா வீட்டுக்கு போயி மீன் கொழம்பு துன்னாத."

ஒருமுறை மழையில் நனைந்துகொண்டு நின்ற ஒரு கன்றுக்குட்டியையே ஏற்றினார். அது என் சாப்பாட்டுப் பையில் மூக்கை விட்டு, கட்டி வைத்திருந்த எலுமிச்சம் சோற்றைக் கட்டோடு தின்றது. நான் போட்ட கூச்சலில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். கண்டக்டர் பிரம்மதேசத்தில் இறங்கி ஓடிப்போய் எனக்கு நாலு இட்லி வாங்கி வந்தார். கன்றுக்குட்டியை இறக்கவில்லை.

இப்படிப்பட்டவரின் பஸ்ஸில்தான் அந்த நாய் ஏறியது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் படிவழியே ஏறி, கடைசி சீட்டுக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. செம்பட்டை நிறம். உடம்பில் பாதிக்கு மயிரே இல்லை. சொறி பிடித்து, தோல் யானைத்தோலாகத் தடித்து, சொறிந்த இடமெல்லாம் ரத்தம். எனக்கு நாய் என்றாலே ஆகாது. அதுவும் இதைப் பார்த்ததும் காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு இறக்கிவிடச் சொன்னேன். எல்லாரும் சொன்னார்கள். அவர் குனிந்து பார்த்தார்.

"டிக்கெட் வாங்காம ஏறிட்டு எவ்ளோ தைரியமா படுத்துக்கினு கீது பாரு. வித்தவுட்டு!"

அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. ஹால்ட்டில் இறங்கி அவர் பின்னாலேயே போனது, அவர் அறை வாசலில் படுத்தது, அங்கேயே இருந்துவிட்டது.

எங்கள் பக்கம் நாய்க்குச் சொறி பிடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கமில்லை. கடலில் இறக்கிக் குளிப்பாட்டு என்பார்கள். யாரோ சொல்ல, அவரும் மறுநாள் விடியலிலேயே ஒரு நார்க் கயிற்றை அதன் கழுத்தில் கட்டிக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கிறவரை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. "தொர வாக்கிங் போறாரு, வழி விடுங்கடா" என்று டீக்கடையிலிருந்து குரல் வரும். அவர் பதிலுக்குக் கடைக்காரனைப் பார்த்து இரட்டை விசில் அடித்துவிட்டுப் போவார்.

ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பெரிய சவுக்குத் தோப்பு. அதன் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை. ஊர்க்காரர்கள் கடலுக்குப் போவது அந்த வழியாகத்தான். மாசி மகத்துக்கு மாரியம்மனைத் தூக்கிக்கொண்டு போவதும், செத்தவருக்குக் கருமாதி செய்யப் போவதும், பெண்கள் அடுப்புக்குச் சவுக்குச் சருகு அரித்துக்கொண்டு வருவதும், இருட்டு பிரிவதற்குள் ஆண்கள் அவசரமாகப் போய் வருவதும் எல்லாம் அதிலேதான். வித்தவுட்டும் அந்த வழியே போய், முதல் நாள் அலையைக் கண்டு ஊளையிட்டது. அவர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அதைக் கட்டிப் பிடித்துத் தண்ணீரில் முக்கினார். கொஞ்ச நாளில் அது தானே அலைக்குள் பாய ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் தோல் ஆறிப் புது மயிர் முளைத்துவிட்டது.

சொறி போன பிறகும் அவர் விடவில்லை. நாயும் விடுவதாக இல்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சருகு அரிக்கப் போனபோது பார்த்தேன். கயிற்றை அவிழ்த்துவிட்டதும் அது ஈர மணலில் தெற்கே ஒரே ஓட்டமாக ஓடியது. அவரும் பின்னாலேயே ஓடினார். பிறகு இரண்டு பேரும் வடக்கே ஓடினார்கள். பஸ்ஸுக்கு நேரமானதும் ஒரு இரட்டை விசில், நாய் நேராக வந்து காலடியில் நின்றது.

"எதுக்கு இப்படி ஓடறீங்க, ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்றேன்.

"நாள் பூரா வண்டி ஓடுது, நான் அதுல நின்னுக்கினு கீறேன். இது நாள் பூரா ரூம் வாசல்ல கெடக்குது. எங்க ரெண்டு பேருக்கும் ஓடறதுக்குன்னு இருக்கறது இந்த ஒரு எடந்தான் டைப்பும்மா." டைப்பும்மா என்பது நான்தான்.

ஒரு தை மாதம், தோப்பை மெட்ராஸ்காரர் ஒருவர் வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. செய்தி வந்த சூட்டோடு கல்தூணும் முள்கம்பியும் லாரியில் வந்து இறங்கின. பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் இரும்பு கேட். உள்ளே கடலைப் பார்த்தாற்போல் ஒரு பங்களா. கேட்டுக்கு வானூர்ப் பக்கத்து ஆள் ஒருவரை வாட்ச்மேனாகப் போட்டிருந்தார்கள். நல்ல மனுஷர். திறக்கச் சொன்னால் அழுதுவிடுவார் போல நிற்பார். "என் வேலை போயிடும் சாமி" என்பார். அந்த வருஷம் மாசி மகத்துக்கு மட்டும் கேட்டைத் திறந்துவிட்டார்கள். சாமி போய் வந்ததும் பூட்டிவிட்டார்கள்.

கண்டக்டர் என் வக்கீலைக் கேட்டுவரச் சொன்னார். கேட்டேன். காலம் காலமாக நடந்த பாதை என்றால் அனுபவ பாத்தியதை உண்டு, கேஸ் போடலாம், ஜெயிக்கக்கூடச் செய்யலாம், ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீல். அதைச் சொன்னபோது கண்டக்டர் பஸ் படியில் தொங்கியபடி கேட்டுக்கொண்டார்.

"நாயிக்கு ஆயுசு எத்தினி வருஷம்மா?"

எனக்குத் தெரியவில்லை.

"கேஸு முடியறதுக்குள்ள இது போயிடும். வேற வழி பாக்கறேன்."

வேறு வழி என்றால் குப்பத்து வழி. வடக்கே ஒரு மைல் சுற்றி, மீனவர் வீடுகளுக்கு நடுவே கடலுக்கு இறங்கலாம். மனிதர்கள் யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் குப்பத்து நாய்கள் இருக்கின்றனவே! கருவாட்டுத் தலை தின்று வளர்ந்த பட்டாளம் அது. அந்நிய நாய் ஒன்று எல்லையில் கால் வைத்தால் கூண்டோடு வந்து விழும். கண்டக்டர் வித்தவுட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு நாய்கள் சுற்றி வளைத்துக்கொண்டன. பாக்கியம் காலிக் கூடையால் அடித்து விரட்டுவதற்குள் ஒன்று அவர் கெண்டைக்காலைப் பிடுங்கிவிட்டது. அந்தக் காலத்தில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ட்ரிப்புக்கு நடுவே ஓடிப்போய் ஒவ்வொரு ஊசியாகப் போட்டுக்கொண்டு வருவார். படுக்கச் சொன்னார்களாம், நின்றுகொண்டே போடச் சொன்னாராம்.

குப்பத்து வழியும் போயிற்று. கோடை வந்தது. நாயின் காதோரத்தில் மறுபடி மயிர் கொட்ட ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க அது கதவில் உடம்பைத் தேய்க்கும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். அவர் ஊரைச் சும்மா விடவில்லை. சீட்டு சீட்டாகப் போய் டிக்கெட் கிழிக்கும்போதே பேசினார். உன் வீட்டு அடுப்புக்குச் சருகு எங்கிருந்து வருது? உங்க அப்பாவுக்குக் கருமாதி எங்க பண்ணப் போற? இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கேள்வி அவரவர் வீட்டுக்குப் போய் வேலை செய்தது. கடைசியில் கோயில் தர்மகர்த்தா, பங்களா மேனேஜரை மாரியம்மன் கோயிலுக்குப் பேச வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அது ஒரு ஞாயிறு சாயங்காலம். ஊரே கூடியிருந்தது. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் ட்ரிப்புக்கு நடுவில் பஸ்ஸைக் கோயில் எதிரே நிறுத்திவிட்டு வந்திருந்தார். மண்டபத்து வாசல்படியில், வழக்கம்போல ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. தோளில் பை, காதில் பென்சில்.

மேனேஜர் ஒல்லியான ஆள், மரியாதையாகப் பேசினார். மாசி மகத்துக்கு வழிவிடுகிறோம், கருமாதிக்கும் விடுகிறோம், முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும் என்றார். கூட்டத்தில் பாதி தலை ஆடியது. அப்போதுதான் வாசல்படியிலிருந்து குரல் வந்தது.

"சாமிக்கு ஒரு நாளு. செத்தவனுக்கு ஒரு நாளு. உசுரோட இருக்கறவன் எப்பங்க கடலுக்கு போறது?"

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து சருகைப் பற்றி ஒருத்தி எழுந்து கேட்டாள். ஒரு கிழவர் எழுந்து தன் பாட்டன் நடந்த பாதை என்றார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, முதலாளியிடம் தான் பேசிக்கொள்வதாகவும், பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கேட் வைத்துக் காலையும் மாலையும் ஊர் போய்வர விடுவதாகவும் சொன்னார். ஒரே ஆரவாரம். நான்கூடக் கைதட்டினேன். ஹாரன் மறுபடி அடித்தது.

"முடிஞ்சிதில்ல? ஜல்தி கற்பூரத்த ஏத்துங்க. வண்டில ஜனம் காத்துக்கினு கீது."

எங்கள் ஊரில் பேப்பரில் எழுதி வாங்குகிற பழக்கம் கிடையாது. அம்மன் சந்நிதியில் தட்டில் கற்பூரம் ஏற்றி, அதன்மேல் கையை நீட்டிச் சம்மதம் சொன்னால் சொன்னதுதான். மீறினவனுக்கு அந்த வருஷத் தீச்சட்டி கிடையாது, குடும்பத்துக்கே ஆகாது என்று பயம். தர்மகர்த்தா தட்டில் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தார். இரண்டே எட்டில் உள்ளே வந்து முதல் கையை நீட்டியவர் கண்டக்டர். "சம்மதம்!" என்றார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே வேகத்தில் படியிறங்கி ஓடினார். இரட்டை விசில் கேட்டது, பஸ் போய்விட்டது.

அடுத்த கை நீள்வதற்கு முன் மேனேஜர் சொன்னார். "ஆடு, மாடு, நாய் எதுவும் உள்ளே கூடாது. ஆள் மட்டும்தான். அதையும் சேர்த்துத்தான் இந்தச் சம்மதம்."

ஆட்டுக்கும் மாட்டுக்கும் இளஞ்சவுக்கு என்றால் உயிர். அதனால் அது நியாயம்தான் என்று எல்லாருக்கும் பட்டது. நாய் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. நான் எழுந்தேன்.

"அய்யா, இத கண்டக்டர்கிட்ட கேக்க வேணாமா? அவரு இத கேக்கறதுக்கு முன்னாடியே கை வெச்சிட்டு பூட்டாரே!"

தர்மகர்த்தா எரிகிற தட்டை என் பக்கம் காட்டினார். "ஒரே கற்பூரம்மா. முன்ன வெச்சா இன்னா, பின்ன வெச்சா இன்னா, சத்தியம் ஒன்னுதான். அவருதான மொதல் கை!"

வரிசையாக எல்லாரும் கை வைத்தார்கள். கற்பூரம் அணைந்தது.

அன்று கடைசி ட்ரிப் திரும்பும்போது நான் தூங்கிவிட்டிருந்தேன். விடிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது. ஊரில் எல்லாருக்கும் முன்னால் கிளம்பிவிட்டிருக்கிறார். தலையை வாரிக்கொள்ளாமல்கூட நான் தோப்பை நோக்கி ஓடினேன்.

மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. சின்ன கேட் வைக்கும்வரை பெரிய கேட்டின் ஒரு பக்கக் கதவைத் திறந்து வைத்து, சங்கிலி போட்டு ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். கண்டக்டர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வித்தவுட்டு கயிற்றைத் தெறித்துவிடுவதுபோல் இழுத்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் கையைப் பிசைந்தார்.

"நீங்க போங்க சாமி. நாயிதான் கூடாது. நீங்கதான கற்பூரத்து மேல கை வெச்சீங்க?"

"நான் எப்ப நாயிக்கு கை வெச்சேன்?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் இடையில் ஒருமுறைகூட "ரைட்" என்று சொல்லவில்லை. அப்போது மரங்களுக்கு நடுவே, தூரத்து மணலில், மெட்ராஸ்காரர் காரில் கொண்டுவந்திருந்த அல்சேஷன் நாய் ஒன்று பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுவது தெரிந்தது.

"அதுக்கு கற்பூரம் யாரும்மா ஏத்துனது?" என்றார்.

 பின்னால் ஊர் ஜனம் வந்துகொண்டிருந்தது. கூடை, தென்னங்குச்சித் துடைப்பம், குழந்தை குட்டியோடு பெண்கள். சந்தோஷமாக, சத்தமாக. வழியில் நின்ற அவர் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார். "போங்க போங்க. உள்ள எடம் இருக்குது" என்றார். பழக்கத்தில் வந்துவிட்டது. பிறகு கேட்டுத் தூணில் முதுகைச் சாய்த்து, காக்கி பேன்ட் மண்ணாவதைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் தானாக உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.  மீறிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம், வாட்ச்மேன் தடுத்திருக்கமாட்டார். "அம்மன் முன்னாடி வெச்ச கையிம்மா" என்று தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாய் மட்டும் கடல் காற்று வந்த பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு இழுத்தபடியே நின்றது.

விஷயம் குப்பத்துக்கும் எட்டியது. மறுநாள் பாக்கியம் தலையில் மீன் கூடையும் கையில் ஒரு தூக்குவாளியுமாக பஸ்ஸுக்கு வந்தாள். வாளியில் கடல் தண்ணீர்.

"நாயி கடலுக்கு போவக் கூடாதுன்னுதான சத்தியம்? கடலு நாயிகிட்ட வரக் கூடாதுன்னு எவனும் கை வெக்கலியே?" என்று வாளியை ணங்கென்று அவர் காலடியில் வைத்தாள்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. சருகு அரிக்கப் போன பெண்கள் திரும்பும்போது ஆளுக்கொரு குடம் கொண்டுவந்தார்கள். நாயைக் கண்டால் ஆகாத நானும் இடுப்பில் குடத்தோடு வந்தேன். ரோட்டோரத்தில் வைத்து அவர் அதைக் குளிப்பாட்டுவார். தர்மகர்த்தா ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, குடங்களைச் சுற்றிக்கொண்டு போனார். காதோரம் ஆறியது. மயிர் வளர்ந்தது.

ஆனால் கண்டக்டர் சரியில்லை. ட்ரிப்பில் பேச்சுக் குறைந்தது. பாதி டிக்கெட்டைக் கிழித்துவிட்டு மீதியை மறந்து நிற்பார். ஒருநாள் பிரம்மதேசத்தைத் தாண்டி ஒரு ஸ்டாப்பிங்கில், தலையில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஒரு அம்மாள் ஓடிவந்துகொண்டிருந்தாள். கையை ஆட்டினாள், கூவினாள். இரட்டை விசில் கேட்டது. பஸ் கிளம்பிவிட்டது.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "ஆள் வர்றாங்க, ஆள்!" என்று நான் கத்தினேன். அவர் திடுக்கிட்டு வெளியே பார்த்தார். டிரைவர் பிரேக் போடுவதற்குள் குதித்து, பின்னால் ஓடி, மூட்டையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு அந்த அம்மாளைக் கூட்டிவந்தார். ஏற்றிவிட்டு வந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார். 

"கதவு தொறந்துதான கெடந்துது டைப்பும்மா. பாத்துக்கினுதான் இருந்தேன். கண்ணுல படல."

"ஒடம்பு சரியில்லையா?"

"சொறி ஆறிடுச்சு. குடத்துத் தண்ணியிலயே ஆறிடுச்சு. ஆனா அது ஓடணுமே. வாளிக்குள்ள எங்க ஓடும்?" பையை ஒருமுறை குலுக்கிக்கொண்டார். "நாயிய பத்தி சொல்றேன்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, சுருட்டிய பாய். காலை முதல் ட்ரிப்பிலேயே ஏற்றினார். மரக்காணம் போகிற வழியில் எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டாப்பிங்கிலேயே வீடு பார்த்துவிட்டாராம். அங்கே ரோட்டை விட்டு இறங்கினால் மணல்மேடு, மணல்மேடு முடிந்தால் கடல். நடுவில் ஒரு பனைமரம்கூடக் கிடையாது.

"அங்கயும் எவனாவது வாங்கி வேலி போட்டா?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

"மரக்காணம் வரைக்கும் ஸ்டாப்பிங் இருக்குதும்மா."

வித்தவுட்டு கடைசி சீட்டுக்கு அடியில், பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் டிக்கெட் பலகையை எடுத்தார். தனக்கு ஒன்றும் கிழிக்கவில்லை. ஒரு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார். தன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துத் தோல்பைக்குள் போட்டார். குனிந்து, டிக்கெட்டைச் சுருட்டி நாயின் கழுத்துக் கயிற்று முடிச்சுக்குள் செருகினார்.

"இப்ப எதுக்கு இது?" என்றேன்.

"இனிமே போற எடமெல்லாம் கேப்பானுங்க. கேக்கறவனுக்கு காட்டணுமில்ல?"

 பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஸ்டாப்பிங் வந்தது. பெட்டியையும் பாயையும் டீக்கடை ஓரம் இறக்கி வைத்தார். நாயை இறக்கினார். கயிற்றின் நீளத்தை அவிழ்த்து, கழுத்துச் சுற்றை மட்டும் விட்டுவைத்தார். அது ஒரு கணம் அவரைப் பார்த்தது. பிறகு மணல்மேட்டில் ஏறியது.

அவர் ஓடிவந்து படியில் ஒரு காலை வைத்தார். ஆனால் விசில் அடிக்கவில்லை. டிரைவர் இன்ஜினை உறுமவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். முன்னால் ஒருவர், "இன்னா பேஜாரு இது, டைம் ஆவுது கண்டக்டர், ரைட் குடு" என்று கத்தினார். எனக்கும் ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஓடிவருகிறவனுக்காகத் தவிர அந்த பஸ்ஸை அவர் எந்த ஸ்டாப்பிங்கிலும் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்க விட்டதில்லை.

"இருங்கப்பா" என்றார், திரும்பாமல். "அது தண்ணிய தொட்டுடட்டும்."

திறந்து கிடந்த பின் கதவு வழியாக நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மேட்டில் ஏறி மறைந்து, அந்தப் பக்கம் ஈர மணலில் மறுபடி தெரிந்து, கழுத்தில் டிக்கெட்டோடு அது ஓடியது. முதல் அலை அதன் காலில் பட்டது.

இரட்டை விசில் கேட்டது.